வலப்பனை மண்: அன்று இருந்தது, இன்று சேர்ந்தது

இலங்கை மலைநாட்டில், இராகலையிலிருந்து வலப்பனைக்கு இறங்கும் பாதையில் ஒரே மலைச்சரிவு மூன்று விதமாகப் பயிராகி நிற்கிறது. மேலே உடப்புசல்லாவைத் தேயிலை மலைகள். நடுவில், தேயிலை பிடுங்கப்பட்ட இடங்களிலும் லயங்களை ஒட்டிய துண்டுகளிலும் லீக்ஸ், கரட், போஞ்சி, உருளைக்கிழங்குப் பாத்திகள். கீழே குருந்து ஓயாவின் தண்ணீரை நம்பிய நெல்வயல்கள். மேலே பெய்த மழைதான் கீழே வயலுக்கும் பாய்கிறது. மேலே போட்ட பசளையில் ஒரு பங்கும் அதோடு சேர்ந்து இறங்குகிறது.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இந்தச் சரிவில் வேரூன்றிய செடி எதிர்கொண்ட உலோகம், மலை தானாக வைத்திருந்த உலோகம். இன்று அதே சரிவில் வேர்விடும் செடி எதிர்கொள்வதில் நாம் கொண்டுவந்து கொட்டியதும் கலந்திருக்கிறது. முதலாவதைத் தாங்கும் வழிகளைச் செடிகள் நெடுங்காலத்தில் கற்றுக்கொண்டன. இரண்டாவது சேரத் தொடங்கி ஒரு மனித ஆயுள் அளவுதான் ஆகிறது.

மலை வைத்திருந்த உலோகம்

கோப்பித் தோட்டங்களுக்காக இந்த மலைகளின் காடு வெட்டப்பட்டபோது வெளியே தெரிந்தது, பெருமழையில் நூற்றாண்டுகளாகக் கழுவப்பட்ட மண். சுண்ணமும் மக்னீசியமும் மழையோடு இறங்கிவிட, அலுமினியமும் இரும்பும் தங்கிய புளிப்பு மண் அது. அலுமினியத்தைக் கண்டிப்பான பொருளில் பார உலோகம் என்று சொல்ல முடியாது. அது இலேசான உலோகம். ஆனாலும் வேருக்கு அது தரும் தொல்லை பார உலோகங்கள் தரும் தொல்லையைப் போன்றதே. இந்த மலைகளின் கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

மண்ணின் பிஎச் பெறுமானம் 5.5க்கு மேல் இருந்தால் அலுமினியம் களியோடு பிணைந்து கிடக்கும்; வேருக்குத் தொந்தரவு இல்லை. 5க்குக் கீழே இறங்கியதும் அது மண்ணீரில் கரைந்து வேர்நுனியைத் தாக்குகிறது. வேர் நீளாமல் கட்டையாகித் தடிக்கும். தண்ணீரையும் சத்தையும் தேடிப் போக அதனால் முடியாது. பெரும்பாலான பயிர்கள் இந்த மண்ணில் சோர்ந்துபோவது இதனால்தான்.

மலைநாட்டின் சில சொந்தச் செடிகளுக்கு மட்டும் இது சிக்கலாக இருக்கவில்லை. தேயிலை மலைகளின் ஓரங்களில் ஊதாப் பூவோடு நிற்கும் போவிட்டியா வகைச் செடிகளின் குடும்பமும், மலைக்காட்டின் சிம்பிளோக்கோஸ் மரங்களும் அலுமினியத்தை இலையில் திரட்டுபவை. சிம்பிளோக்கோஸ் மரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வெளியான தாவர நூலில் ரம்ஃபியஸ் 'படிகார மரம்' என்ற பொருளில் பெயரிட்டிருந்தார். இந்தோனேசியாவின் தீவுகளில் துணிக்குச் சாயம் பிடிக்க வைக்க அதன் இலையும் பட்டையும் படிகாரத்துக்குப் பதிலாகப் பயன்பட்டன. பங்களா முற்றங்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதும் இந்த மண்ணின் அலுமினியத்தால்தான். அதே செடியைச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் வைத்தால் பூ இளஞ்சிவப்பாகிவிடும்.

தேயிலை தாங்கிய விதம்

1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன மலைகளில் தேயிலை ஏறியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் கோப்பி நின்ற அதே சரிவுகளில் தேயிலைக்குக் குழி வெட்டினார்கள்.

அந்த மண்ணில் தேயிலை ஏன் அவ்வளவு செழித்தது என்பதற்கான விடை மெதுவாகத்தான் கிடைத்தது. தேயிலைச் செடிக்கும் அலுமினியத்துக்கும் உள்ள உறவைப் பற்றி செனரி என்ற ஆய்வாளர் 1955இல் எழுதினார். 1976இல் மட்சுமோட்டோவும் அவருடைய சகாக்களும் அலுமினியம் போய்ச் சேரும் இடத்தைக் காட்டினார்கள். ஒரு கிலோ உலர்ந்த இளங்கொழுந்தில் சில நூறு மில்லிகிராம் அளவிலேயே இருக்கும் அலுமினியம், முற்றிய இலையில் 30,000 மில்லிகிராம் வரை, அதாவது எடையில் 3 சதவீதம் வரை, இருக்கக்கூடும். அதுவும் இலையின் மேல்தோல் கலங்களில், தடித்த சுவர்களில் குவிந்திருக்கிறது.

தேயிலை வேர் அலுமினியத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. உள்ளே எடுத்துக்கொண்டு, கரிம அமிலங்களோடு பிணைத்து நச்சைத் தணித்து, நீரோட்டத்தில் மேலே அனுப்புகிறது. மேலே போனது, ஒளித்தொகுப்பு நடக்கும் இடங்களைத் தொடாமல் ஒதுக்கி வைக்கப்படுகிறது. அன்றாடம் தேவைப்படாத பாரத்தைக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவது போன்ற ஏற்பாடு இது. அளவான அலுமினியம் இருந்தால் தேயிலை வேர் இன்னும் நன்றாக வளர்கிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மற்றப் பயிர்களை வாட்டும் மண், தேயிலைக்கு ஏற்ற மண்ணாக அமைந்தது இப்படித்தான்.

ஏற்றிய பாரம் இலையிலேயே நின்றுவிடுவதில்லை. முற்றிய இலை உதிர்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது விழும் இலையும் குச்சியும் மலையிலேயே கிடந்து மக்குகின்றன. அடிமண்ணில் இருந்த அலுமினியம் இப்படி மேல்மண்ணுக்கு வந்து சேர்கிறது. நூறு வருடம் தேயிலை நின்ற மலையின் மேல்மண் கூடுதலாகப் புளித்துப்போவதற்கு இது ஒரு காரணம். அந்தக் குச்சியை அடுப்புக்கு மிலாறாகக் கட்டிச் சுமந்த பெண்களின் தலையிலும் அந்த மலையின் அலுமினியத்தில் ஒரு பங்கு லயத்துக்கு இறங்கியிருக்கும்.

இதைப் படித்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. நாம் கிள்ளுவது இரண்டு இலையும் ஒரு மொட்டும். அலுமினியம் குறைவாக இருக்கும் பகுதி அதுவே. அதிலும் ஒரு பங்குதான் சாயத்தில் இறங்குகிறது. இறங்கியதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதையே நம் குடல் உறிஞ்சுகிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு அது பெரிய சுமை ஆகாது. முற்றிய இலையையும் தண்டையும் அழுத்திச் செய்யும் செங்கல் தேயிலையைக் குடித்துப் பழகிய திபெத் பகுதி மக்களிடம் புளோரைடு நோய் கண்டதை இதனோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். தேயிலைச் செடி புளோரைடையும் முற்றிய இலைகளிலேயே சேர்க்கிறது. இளங்கொழுந்தை மட்டும் கிள்ளும் கை, ருசிக்காகச் செய்யும் அந்த வேலையிலேயே ஒரு பாதுகாப்பையும் செய்துவிடுகிறது.

செம்பு வந்த வருடம்

பூஞ்சையைக் கொல்ல வல்ல செம்புக் கலவையை பிரான்ஸின் போர்தோவில் மில்லார்டே 1885இல் வெளியிட்டார். இலங்கைக் கோப்பிக்கு அது காலம் கடந்த மருந்து. ஆனால் 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது அது கையிலிருந்தது. இந்தப் பூஞ்சை தாக்குவது கிள்ளும் பருவத்து இளங்கொழுந்தை. மூடுபனியும் ஈரமும் நீடிக்கும் உயர்மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் சுற்றுக்குச் சுற்று செம்பு மருந்து அடிக்க வேண்டியிருந்தது. தலவாக்கலை சென் கூம்ஸிலிருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்த நோய்க்காகப் பல ஆண்டுகள் உழைத்தது. 1925இல் தொடங்கிய அந்த நிலையத்தின் பெரும் பணிகளில் இதுவும் ஒன்று.

மருந்துத் தாங்கியை முதுகில் கட்டி மலை ஏறிய தொழிலாளி அடித்த செம்பு எங்கே போயிற்று? சிறிதளவு கொழுந்தோடு தொழிற்சாலைக்குப் போயிற்று. மீதியை மழை மண்ணுக்குக் கழுவிற்று. செம்பு மண்ணின் மக்கோடு இறுகப் பிணையும் உலோகம். பெரும்பாலும் மேல்மண்ணைவிட்டு இறங்காது. பூச்சிமருந்துகள் பல நாளடைவில் சிதைந்துவிடும். உலோகம் ஒரு தனிமம், அது சிதைவதில்லை. போட்ட வருடத்தின் கணக்கோடு அடுத்த வருடத்தின் கணக்கும் சேர்ந்துகொண்டே போகும்.

செம்பைப் பொறுத்தவரை தேயிலை நடந்துகொள்ளும் முறை வேறு. அது செம்பை வேரிலேயே பெரிதும் பிடித்து வைக்கிறது. மேலே குறைவாகவே அனுப்புகிறது. மேலே போகும் அந்தக் கொஞ்சம் மிக அவசியம். கொழுந்து நசுங்கிக் கறுத்துத் தேயிலைத்தூள் ஆகும்போது நிறத்தையும் மணத்தையும் தரும் நொதி, செம்பு இல்லாமல் இயங்காது. ஒரே செடி அலுமினியத்தை ஏற்று ஒதுக்குகிறது, செம்பை வாசலில் நிறுத்துகிறது, வேண்டியதை மட்டும் உள்ளே விடுகிறது. உலோகத்தைத் தாங்குவது என்பது இப்படிப் பல திறமைகளின் தொகுப்பு.

இன்று கொப்புள நோய்க்கு உட்பரவும் பூஞ்சைக்கொல்லிகளும் இருக்கின்றன. நோயைத் தாங்கும் இனங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. செம்பு மட்டுமே கதி என்றிருந்த நாட்கள் போய்விட்டன. அந்த நாட்களில் விழுந்த செம்பு மட்டும் மேல்மண்ணில் இருக்கிறது.

தேயிலை போய் மரக்கறி வந்தபின்

வலப்பனைப் பக்கத்தின் பெரிய மாற்றம் இதுதான். தோட்டச் சம்பளம் வீட்டுச் செலவைத் தாங்காத குடும்பங்கள் லயத்தைச் சுற்றிய துண்டுகளில் மரக்கறி போடுகின்றன. விளைச்சல் குறைந்த பழைய தேயிலை மலைகள் பாத்திகளாகின்றன. இரவோடிரவாக லொறி ஏறிச் சந்தைக்குப் போகும் லீக்ஸும் கரட்டும் பல வீடுகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்க்கின்றன.

ஆனால் தேயிலை நின்ற மண் தேயிலைக்காகவே பழகிய மண். அமோனியம் சல்பேற்றையும் யூரியாவையும் பல பத்தாண்டுகள் போட்டதில் அது மேலும் புளித்திருக்கிறது. இதே மண்ணில் போஞ்சி போட்டால் அதன் வேர் அலுமினியத்தைத் தாங்காது. செடி குட்டையாய் நிற்கும். அப்போது பசளை போதவில்லை என்ற எண்ணம் எழுவது இயல்பு. கூடுதலாக டி.எஸ்.பி. என்ற பொஸ்பேற்றுப் பசளை போடப்படுகிறது. அந்தப் பொஸ்பரசையும் மண்ணின் அலுமினியமும் இரும்பும் பிணைத்து வைத்துக்கொள்கின்றன. செடிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம். அடுத்த போகத்தில் இன்னும் கூடப் போடுகிறார்கள். நுவரெலியா மாவட்ட மரக்கறி மண்ணில் தேவைக்கு மேல் பொஸ்பரசு குவிந்திருப்பது நன்கு பதிவான உண்மை.

இந்தக் குவியலோடு இன்னொன்றும் வருகிறது. பொஸ்பேற்றுப் பாறையில் இயல்பாகவே கட்மியம் இருக்கும். பாறை எங்கிருந்து வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறும். கடலடிப் படிவுகளில் உருவான பாறைகளில் கூடுதல். எரிமலைக் குழம்பில் உருவானவற்றில் குறைவு. 1971இல் கண்டறியப்பட்ட நம் எப்பாவல அப்பற்றைட்டுப் பாறை இரண்டாம் வகை, கட்மியம் குறைந்தது. தேயிலை புளித்த மண்ணில் நீண்டகாலம் நிற்கும் பயிர் என்பதால் மெதுவாகக் கரையும் அந்தப் பாறைத்தூளே அதற்குப் போதும். மூன்று மாதத்தில் அறுவடையாகும் கரட் அப்படிக் காத்திருக்க முடியாது. அதற்கு உடனே கரையும் இறக்குமதி டி.எஸ்.பி. வேண்டியிருக்கிறது. டி.எஸ்.பி.யின் கட்மியத்துக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2022இலிருந்து ஒரு கிலோ பொஸ்பரசு பென்ரொக்சைட்டுக்கு 60 மில்லிகிராம் கட்மியம் என்ற எல்லையை நடைமுறைப்படுத்துகிறது. ஒரு மூடையில் இருப்பது சிறிது. அந்தச் சிறிது பாத்தியிலேயே தங்குவதால்தான் கவனம் வேண்டும்.

கட்மியம் செடிக்கு எதற்கும் தேவைப்படாத உலோகம். இருந்தும் அது நாகம், இரும்பு, மங்கனீசு ஆகியவை நுழையும் வழிகளாலேயே வேருக்குள் போகிறது, ஏனெனில் அவற்றோடு இரசாயன ஒற்றுமை அதற்கு உண்டு. நெல்லில் கட்மியத்துக்கான பெரிய வாசல், மங்கனீசு எடுப்பதற்காக அமைந்த ஒரு புரதம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். மண் புளிக்கப் புளிக்கக் கட்மியம் கூடுதலாகக் கரைகிறது. நாகம் குறைந்த மண்ணில் கூடுதலாக உள்ளே போகிறது. கீரை, சலாது போன்ற இலை வகைகள் அதை இலைவரை ஏற்றுபவை. கிழங்கும் காய்களும் பொதுவாகக் குறைவாக எடுக்கின்றன.

அலுமினியம், பொஸ்பரசு, கட்மியம் என்று மூன்று தனித் தொல்லைகளாகத் தெரிபவற்றுக்கு இந்தச் சரிவில் வேர் ஒன்றுதான்: மண்ணின் புளிப்பு. புளிப்பு அலுமினியத்தை அவிழ்த்துவிடுகிறது, அலுமினியம் பொஸ்பரசைப் பூட்டுகிறது, பூட்டிய பொஸ்பரசு மேலும் பசளை கேட்கிறது, பசளை கட்மியத்தைக் கொண்டுவருகிறது, கட்மியத்தை மறுபடியும் புளிப்பே வேருக்கு எட்ட வைக்கிறது. டொலமைட் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்தால் இந்த வட்டத்தின் தலையிலேயே கைவைத்ததாகும். தேயிலை மலைகளில் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. மரக்கறிப் பாத்திக்கு அது அதைவிட அவசியம்: தேயிலைக்கு பிஎச் 4.5 முதல் 5.5 போதும், பெரும்பாலான மரக்கறிக்கு 6க்கு அருகே வேண்டும்.

தாங்குவது வேறு, தூய்மையாக்குவது வேறு

செடிகளைக் கொண்டே மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்ற நம்பிக்கை இன்று பரவலாகப் பேசப்படுகிறது. அதற்கு ஆதாரம் உண்டு. நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரத்தின் பால் நீலப்பச்சை நிறமாக இருக்கிறது. உலர்ந்த பாலில் ஏறத்தாழ கால்பங்கு நிக்கல் என்று 1976இல் அறிவித்தார்கள். நம் நாட்டிலேயே அம்பாந்தோட்டைக் கரையின் உஸ்ஸங்கொடவில், நிக்கல் நிறைந்த சிவந்த மண்ணில், ஓரிதழ்தாமரை அந்த உலோகத்தை மிகையாகத் திரட்டுவதை நிஷாந்த ராஜகருணாவும் புரூஸ் போமும் 2002இல் பதிவு செய்தார்கள். நம் வைத்தியர்கள் மருந்துக்குப் பறிக்கும் மூலிகை அது. எந்த மண்ணில் பறித்தது என்று கேட்பது மருத்துவத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

செடிக்குள் நடப்பதையும் ஓரளவு அறிவோம். கட்மியம் நுழைந்ததும் பல செடிகள் கந்தகம் நிறைந்த சிறு புரத இழைகளைச் செய்து அதைப் பிடித்துக் கட்டுகின்றன. 1985இல் ஜேர்மன் விஞ்ஞானிகள் கண்டறிந்து வெளியிட்டது இதை. கட்டியதைக் கலத்தின் நடுவிலிருக்கும் புன்வெற்றிடத்துக்குள் தள்ளிவிடுகின்றன. செடி தப்பிவிடுகிறது. ஆனால் கட்மியம் செடிக்குள்தான் இருக்கிறது. செடி வாடாமல் செழித்து நிற்பதைக் கண்டு மண் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இதனாலேயே ஆபத்து. கட்மியம் தேங்கிய இலையும் பச்சையாகவே இருக்கும்.

உலோகம் திரட்டும் செடியை நட்டுச் சுத்தம் செய்வதென்றால் பல வருடம் பொறுக்க வேண்டும். வெட்டிய செடியைப் பாத்திக்கே திருப்பாமல் பத்திரமாக அகற்ற வேண்டும். அரை ஏக்கர்கூட இல்லாத குடும்பத்தால் அவ்வளவு காலம் நிலத்தைச் சும்மா போட முடியாது. சுரங்கக் கழிவுக்கு ஏற்ற வழி, கரட் பாத்திக்கு ஏற்ற வழி ஆகாது.

சரிவில் இறங்குவது

வலப்பனையின் கீழ்ப்பகுதியிலும் ஹங்குராங்கெத்தவிலும் ஒருகாலத்தில் செங்குத்தான சரிவுகளில் புகையிலை போட்டார்கள். மேல் மகாவலிப் பகுதியில் புகையிலை நிலம் வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 70 தொன் மண்ணை இழக்கிறது என்பது 1980களின் மதிப்பீடு. புகையிலை கட்மியத்தை இலைக்கு ஏற்றுவதில் பேர்போன செடி. புகைப்பவர் உடலில் மற்றவர்களைப்போல் சுமார் இரு மடங்கு கட்மியம் இருப்பதன் காரணம் அதுவே. சரிவில் கழுவிப்போகும் மண்ணின் நுண்துகள்களில்தான் உலோகங்கள் கூடுதலாக ஒட்டியிருக்கும். மழை முதலில் தூக்கிச் செல்வதும் அந்த நுண்துகளைத்தான். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் உயிர்களைப் பறித்த மண்சரிவுகளை யாரும் மறக்கவில்லை. ஆனால் யாரும் கவனிக்காத சிறு அரிப்பு ஒவ்வொரு மழையிலும் நடந்துகொண்டிருக்கிறது.

மலைநாட்டு மரக்கறி நிலங்களின் கட்மியம் மகாவலி வழியாக வடமத்திய வயல்களுக்குப் போய்ச் சிறுநீரக நோய்க்குக் காரணமாகிறது என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பண்டார குழு 2008இலும் 2011இலும் வாதிட்டது. பின்னர் எடுத்த பல அளவீடுகள் தண்ணீரில் அவ்வளவு கட்மியத்தைக் காணவில்லை; நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைடு, வெயிலில் உடல் வறளுதல் என்று வேறு விளக்கங்கள் முன்வந்தன. ஒற்றைக் காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. அந்த வாதத்தின் முடிவு எதுவாயினும், மேலே போடுவது மேலேயே நிற்பதில்லை என்ற எச்சரிக்கை சரியானது.

அந்த அச்சமும் சேர்ந்து 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் அரசு பின்வாங்கியது. ஆனாலும் 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. மலையக வீடுகளில் அந்த இழப்பு சோற்றில் தெரிந்தது. நகரக் குப்பையில் செய்த கூட்டெருவிலும் ஈயமும் செம்பும் இருக்கலாம் என்பதை அன்று எண்ணிப்பார்த்தவர்கள் குறைவு. பசளையின் பெயரை மாற்றினால் மண் காப்பாற்றப்படாது. மூடைக்குள் என்ன இருக்கிறது, மண்ணுக்கு எவ்வளவு தேவை என்ற இரண்டு அளவீடுகள்தான் மண்ணைக் காக்கும்.

மலையகத்துக்கு வேண்டியது

1823இலிருந்து எண்ணி மலையக மக்கள் வருகையின் இருநூறாண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அந்த மக்களின் நெடுநாள் கோரிக்கை காணி. வீட்டுக்கு 7 பேர்ச் என்று தொடங்கிய பேச்சு, பயிரிட நிலம் வேண்டும் என்பதுவரை வளர்ந்திருக்கிறது. அது நியாயமான கோரிக்கை. விரைவில் நிறைவேற வேண்டும். அப்படிக் கொடுக்கப்படப் போகும் நிலம் பெரும்பாலும் விளைச்சல் குறைந்த பழைய தேயிலை மலைதான். நூறு வருடம் புளித்த, செம்பு சேர்ந்த, மேல்மண் பாதி கழுவப்பட்ட நிலத்தை வெறும் உறுதிப்பத்திரத்தோடு கொடுத்துவிட்டு, நன்றாகப் பயிரிடு என்று சொல்வது நீதியாகாது.

காணி உறுதியோடு அந்தக் காணியின் மண் பரிசோதனை அறிக்கையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போக வேண்டும்: பிஎச் எவ்வளவு, பொஸ்பரசு எவ்வளவு, செம்பும் கட்மியமும் எவ்வளவு என்று தமிழில். முதல் போகத்துக்கு முன் போட வேண்டிய டொலமைட்டை விவசாயத் திணைக்களம் கொடுக்க வேண்டும். பொஸ்பரசு ஏற்கெனவே போதிய பாத்திக்கு டி.எஸ்.பி. வேண்டாம் என்று சொல்ல ஓர் உத்தியோகத்தர் லயத்துக்கு வர வேண்டும். கான் வெட்டுவதும் வரப்பு கட்டுவதும் தோட்டத்தில் துரை சொன்னதால் செய்த வேலை. சொந்த நிலத்தில் மண்ணைத் தடுத்து வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் சேமிப்பு. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. தலவாக்கலையிலும் பேராதனையிலும் அறிவு இருக்கிறது, ஆய்வுகூடம் இருக்கிறது. அந்த அறிவு இத்தனை காலமும் தோட்டக் காரியாலயம் வரை வந்து நின்றது. இனி அது நிலத்தில் மண்வெட்டி பிடிப்பவரின் கைக்கு வந்து சேர வேண்டும்.